சரி, எடுங்கோ

ஆள் ஏறாமலே கேம்பர் பதிந்தது.

ராசமலர் அப்போது உள்ளே குனிந்து, மேசைக்குக் கீழே அடுக்கியிருந்த ஊறுகாய்ப் போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க இடையில் பழந்துணி திணித்துக்கொண்டிருந்தாள். பக்கக் கதவுப் பக்கமாக வண்டி ஒருதரம் சரிந்து, பிறகு நிமிர்ந்தது. யாராவது படியில் கால் வைத்து ஏறினால்தான் அப்படிச் சரியும். ஆனந்தராஜா ஏறினால் கொழுக்கியில் தொங்கும் கோப்பைகள் எல்லாம் கிலுங்கும். மனிசன் அவ்வளவு பாரம். அவள் ஏறினால் மெத்தென்று ஒரு பதிவு, அவ்வளவுதான். இப்போது வந்தது அந்த மெத்தென்ற பதிவு. ஆனால் அவள்தான் உள்ளே இருக்கிறாளே.

"இஞ்சருங்கோ, வந்திட்டியளே?" என்று கேட்டாள்.

நிமிர்ந்து பார்த்தாள். கதவு பாதி திறந்து கிடந்தது. வெளியே தூறல். அதற்கப்பால் சேமக்காலையின் தாழ்ந்த மதிலும் நேராக வெட்டிய பச்சை வேலியும் தெரிந்தன. ஆனந்தராஜா தூரத்தில், படலையடியில், குடையைப் பிடித்தபடி றொஜிதனோடு கதைத்துக்கொண்டு நின்றார். சற்று முன்புதான் றொஜிதனின் தாயை, மேரிசெலின் அக்காவை, அங்கே புதைத்திருந்தார்கள். காற்றுக்கு ஆடியிருக்கும் என்று ராசமலர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேலியில் ஒரு இலை கூட அசையவில்லை.

வேலையில் இருந்து ஓய்வெடுத்தால் மற்றவர்கள் பேரப்பிள்ளை பார்க்கப் போவார்கள். இவர்கள் அடுப்பும் கட்டிலும் உள்ளேயே இருக்கிற கேம்பர் வண்டி வாங்கினார்கள். டென்மார்க்கில், இக்காஸ்ட் ஊரின் துணி ஆலையில் காலமெல்லாம் ஷிப்ட் அடித்த ஆனந்தராஜாவுக்குச் சும்மா வீட்டில் இருக்கப் பிடிக்காது. முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி முதுகு போன ராசமலருக்கு, அவர் சும்மா வீட்டில் இருப்பதைப் பார்க்கப் பிடிக்காது. வறுத்துத் திரித்த கறித்தூள், தேசிக்காய் ஊறுகாய், மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம், தட்டை வடை என்று எல்லாம் அவளுடைய கைப்பக்குவம். யூலண்ட் முழுக்கச் சிதறிக் கிடக்கும் தமிழ்ச் சனத்தின் வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், கிட்டினால் டெனிஷ்காரரின் சந்தைகளிலும் மேசை போடுவார்கள். இரவில் வண்டியிலேயே படுத்துவிடுவார்கள். "உங்களுக்கு இது வியாபாரமில்லை, ஹனிமூன்" என்று இஷொயில் இருக்கும் மகள் நிலக்சி பகிடி பண்ணுவாள். போன மாரியில் தகப்பனுக்கு நெஞ்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் இழுபட்டு, ஒருவழியாக வீடு வந்த பிறகு அவள் பகிடியை விட்டுவிட்டாள். இப்போது ஒவ்வொரு போனிலும் ஒரே கதைதான். "அம்மா, அப்பாவைத் தனிய ஓட விடாதேங்கோ."

ராசமலர் விடுவாளா? அவளுக்கு வாகனம் ஓடத் தெரியாது. ஆனால் முன் சீற் அவளுடையது. கேம்பரில் முன் சீற்றுக்கென்று தனிக்கதவு இல்லை. பக்கக் கதவால் ஏறி, அடுப்படியைக் கடந்து முன்னால் போய் இருக்கவேண்டும். ஒவ்வொரு வாசலிலும் சாமான் கொடுத்துவிட்டு அவள் ஏறுவாள், வண்டி பதியும், கதவு டப்பென்று சாத்தும், "சரி, எடுங்கோ" என்பாள். அவர் திரும்பிப் பார்க்காமலே எடுப்பார். ஓடும்போது வலது கையை அவள் பக்கம் நீட்டுவார், கண் ரோட்டில்தான் இருக்கும். அவள் தோடம்பழச் சுளையோ வடைத்துண்டோ அந்த உள்ளங்கையில் வைப்பாள். என்ன தருகிறாய் என்று மனிசன் ஒருநாளும் கேட்டதில்லை, வாயில் போட்டுக்கொள்வார். அவருடைய கண் சோராமல், மூச்சு மாறாமல், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதுதான் அவளுடைய உத்தியோகம். அவர் போய்விட்டால் தனக்கு ஒன்றும் மிஞ்சாது என்று அவளுக்குத் தெரியும்.

லெம்விக்கில் இருந்த ஒரேயொரு தமிழ் ஆள் மேரிசெலின் அக்கா. மகன் லண்டனில், புருஷன் மேலே. அவருடைய ஓடர் ஒரு சின்னத் தூள் பைக்கற். அதற்கு இவர்கள் வரும் நாளில் விடிய எழும்பி வெளிக்கிட்டு, கோட்டும் சப்பாத்தும் போட்டு, கைப்பையையும் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். கிட்டப் போனாலே ஓடிக்கொலோன் மணக்கும்.

"என்னையும் ஒருக்கா ஏத்திக்கொண்டு போங்கோவன். பாலம் மட்டும் எண்டாலும் காணும்" என்பார்.

ஆனந்தராஜாவுக்கு வாய் சும்மா இருக்காது. "அதுக்கென்னக்கா, அடுத்தமுறை உங்களைத்தான் முன் சீற்றில இருத்துவன். இவவைப் பின்னால விட்டிட்டுப் போவம்!"

எல்லோரும் சிரிப்பார்கள். மேரிசெலின் அக்கா கடைசியாகச் சிரித்து முடிப்பார். "சொன்னால் சொன்னதுதான் தம்பி" என்பார். பிறகு வண்டி வெளிக்கிட, ராசமலர் ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனிப்புகாரைத் துடைத்துவிட்டுக் கை காட்டுவாள். திருப்பம் வரும்வரை அந்த உருவம் கைப்பையோடு ரோட்டோரத்திலேயே நிற்கும்.

போன தடவை வண்டி கராஜில் நின்றதால் வரமுடியவில்லை. அன்று மேரிசெலின் அக்காவைக் கண்டது வீட்டு உதவிக்கு வரும் டெனிஷ் பெண். கோட்டோடு, சப்பாத்தோடு, கைப்பை மடியில் இருக்க, வாசல் கதிரையில் இருந்தபடியே போயிருந்தாராம். "எங்க வெளிக்கிட்டவவோ, ஆருக்குத் தெரியும்?" என்று இன்று அடக்கப் பூசைக்குக் கோவிலுக்கு வந்த ஆட்கள் குசுகுசுத்தார்கள். ராசமலர் புருஷனைப் பார்த்தாள். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கதவடியில் சப்பாத்துத் தட்டும் சத்தம் கேட்டது. வண்டி ஆழமாகப் பதிந்து கோப்பைகள் கிலுங்கின. ஆனந்தராஜா ஈரக் குடையோடு ஏறினார்.

"பாவம் பெடியன். ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வந்தன்."

"என்னெண்டு சொன்னனீங்கள்?"

"என்னெண்டு சொல்லுறது? போட்டு வாறம் எண்டு சொன்னன்."

"கடவுளே! செத்த வீட்டில ஆரும் போட்டு வாறம் எண்டு சொல்லுவினமே? உங்களுக்கு வயசுக்கேத்த புத்தி இல்லையோ?"

"ஐயோ, நீயும் உன்ர சாத்திரமும். ஏற்கெனவே ஒருக்காத் தலையில பச்சத்தண்ணியை ஊத்தி என்னை நடுங்க வைச்சிட்டாய்."

ஊத்தவில்லை, தெளித்தாள். அதுதான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. செத்த வீட்டுக்குப் போனால் தலைமுழுகித் தோய்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பது. இக்காஸ்டில் இருந்தால் பின்பக்கக் கராஜில் மஞ்சள் தண்ணீர் வாளி இருக்கும், உடுப்பு நேரே மெசினுக்குள் போகும். ஆனால் நாளை விடிய ஓல்போரில் நத்தார்ச் சந்தை. வீட்டுக்குத் திரும்பிப் போய் வர நேரமில்லை. படியடியில் நின்று "தோயாமல் எப்பிடி ஏறுறது?" என்று அவள் கேட்டபோது ஆனந்தராஜா சிரித்தார். "தோயிற இடமே உள்ளுக்குத்தானே கிடக்கு. உள்ள போகாமல் எப்பிடித் தோயிறது?" குடிக்கிற தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவர் தலையிலும் தன் தலையிலும் தெளித்துவிட்டு ஏறினாள். அவர் றொஜிதனிடம் சொல்லிவிட்டு வர மறுபடி படலையடிக்குப் போனார். ஏறிய பிறகுதான் இன்னொன்று உறைத்தது. மற்றவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுச் செத்த வீட்டுக்குப் போவார்கள். இவர்கள் வீட்டையே கொண்டுவந்து சேமக்காலை வாசலில் நிற்பாட்டி, கதவையும் திறந்து விட்டிருக்கிறார்கள்.

அவள் முன் சீற்றில் இருந்தாள். சீற் ஈரமாக இருந்தது.

"இதில குடையை வைச்சனீங்களோ?"

"நான் ஏன் வைக்கப் போறன்?"

அவள் துவாயை விரித்து அதன்மேல் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. இருந்தும், "சரி, எடுங்கோ" என்று சொல்ல அவளுக்கு ஏனோ வாய் வரவில்லை. அவரே எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார்.

கார்த்திகை மாதத்தில் டென்மார்க்கில் பின்னேரம் என்று ஒன்று இல்லை. மத்தியானம் முடிய இருட்டு வந்துவிடும். லெம்விக்கைத் தாண்டும்போதே வயல்களின் நிறம் போய்விட்டது, பிறகு மரங்களின் நிறம், பிறகு ரோட்டோரத்து வெள்ளைக் கோடு மட்டும் ஹெட்லைற் வெளிச்சத்தில் வந்து வந்து போயிற்று. புகார் கடலேரிப் பக்கத்திலிருந்து தாழ்வாக இறங்கி ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. வைப்பர் ஒருதரம் துடைக்கும், நிற்கும், மறுபடி துடைக்கும். உள்ளே எப்போதும் மணப்பது வறுத்த மல்லியும் பெருஞ்சீரகமும். எத்தனை முறை ஜன்னலைத் திறந்துவிட்டாலும் போகாத மணம், சீற் உறையிலும் தலையணையிலும் ஊறிப்போன மணம். இன்று அதற்குள்ளே வேறொன்று கிடந்தது. முதலில் அவளால் பிடிக்க முடியவில்லை. ஹீற்றர் சூடாகச் சூடாக அது மெல்ல மெல்ல எழும்பியது. ஓடிக்கொலோன். அதற்குக் கீழே, ஈர மண்.

"உங்களுக்கு ஏதும் மணக்குதே?"

"உன்ர ஊறுகாய்தான் மணக்குது. எங்கையோ ஒண்டு ஒழுகுது போல."

பெட்டிக்கு மண் போட்டோமே, அந்த மண்தான் கையில் இருக்கும் என்று நினைத்தாள். சவப்பெட்டிக்குள் ஓடிக்கொலோன் தெளிப்பார்கள், அது கோட்டில் பிடித்திருக்கும். எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, வாசல் கதிரையில் இருந்தவரின் கையும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று நினைவு வந்து, கைகளை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

ஒட்டசுண்ட் பாலத்தடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஏதோ கப்பலுக்காகப் பாலத்தைத் தூக்கியிருந்தார்கள். முன்னால் ஒரு வாகனமும் இல்லை, பின்னாலும் இல்லை. ஆனந்தராஜா எஞ்சினை நிற்பாட்டினார். தண்ணீரின் சத்தம் மட்டும் கீழேயிருந்து வந்தது.

அப்போதுதான் பின்னால் போத்தலொன்று உருண்டது. வண்டி நிற்கிறது, ஆனால் போத்தல் உருள்கிறது. மேசையடியில் இருந்து கட்டிலடிக்கு, கட்டிலடியில் இருந்து மேசையடிக்கு.

"போய்ப் பாரப்பா, உடைஞ்சால் பிறகு சந்தையில விக்கிறதுக்கு ஒண்டுமில்லை" என்றார்.

ராசமலர் பெல்ற்றைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனாள். லைற்றைப் போடாமலே குனிந்து தடவினாள். திணித்த பழந்துணிகள் எல்லாம் ஒரு மூலையில் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவள் மடிக்கவில்லை. உருண்ட போத்தல் கைக்குள் வந்தது, குளிர்ந்துபோய், வெளியே வைத்தது போல. அந்த நேரம் எஞ்சின் உறுமியது. பாலம் இறங்கிவிட்டது போலும். வண்டி நகர்ந்தது.

"இருங்கோ, நான் வாறன்" என்று சொல்ல வாயெடுத்தாள்.

முன்னால் மணி அடித்தது. டிங், டிங், டிங். சீற்றில் ஆள் இருந்துகொண்டு பெல்ற் போடாவிட்டால் அடிக்கிற மணி அது.

"பெல்ற்றைப் போடன்" என்றார் ஆனந்தராஜா, திரும்பாமல்.

கிளிக்.

மணி நின்றது.

ராசமலர் போத்தலைப் பிடித்தபடி இருட்டுக்குள் நின்றாள். வண்டி பாலத்தின் இரும்பு வரிகளில் தடதடத்து ஓடியது. பால விளக்குகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து விழுந்து ஓடின. அந்த வெளிச்சத்தில் அவருடைய தலையும் தோளும் தெரிந்தன. முன் சீற்றின் உயர்ந்த முதுகு தெரிந்தது. அதற்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. மேரிசெலின் அக்காவும் கட்டையான ஆள்தான், சீற்றுக்கு மேலே தலை தெரியாது.

ஆனந்தராஜா வலது கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்தபடி, எப்போதும் போல.

ஒரு விளக்கு வந்து போயிற்று. இன்னொன்று.

கையை மடக்கி வாய்க்குக் கொண்டுபோனார். சப்பினார்.

"இண்டைக்கு நல்ல இனிப்பு" என்றார்.

"என்னப்பா!" என்று அவள் கத்திய கத்தலில் வண்டி ஒருதரம் வெட்டிக்கொண்டது.

"விசரே உனக்கு? இப்ப இஞ்ச இருந்தனி, எப்ப பின்னால போனனி?"

"நான் வரவே இல்லை. பாலத்தடியில எழும்பினதுக்கு இன்னும் வந்து இருக்கேல்லை. நீங்கள் என்ன திண்டனீங்கள்?"

"நீ தந்ததைத்தான் திண்டனான். தோடம்பழம்."

அவள் தோடம்பழம் உரிக்கவே இல்லை. பை அவிழ்க்காமல் கொழுக்கியில் தொங்கியது. தட்டுத் தடுமாறி முன்னால் வந்தாள். சீற்றில் யாரும் இல்லை. ஆனால் பெல்ற் பூட்டியிருந்தது. வெறும் சீற்றுக்கு மேலே, ஒரு ஆளுடைய பருமனுக்குத் தளர்ந்து, பூட்டியிருந்தது. விரித்த துவாய் நனைந்து ஊறிப்போயிருந்தது. அவள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். உதட்டோரத்தில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் துடைத்துப் பார்த்தாள். மண்.

ஏறியிருப்பது தன்னை என்ன செய்தாலும் செய்யட்டும், இந்த மனிசனை விட்டால் போதும் என்று மட்டும் நினைத்தாள்.

"நிப்பாட்டுங்கோ. அடுத்த தரிப்பிடத்தில நிப்பாட்டுங்கோ. தோய்ஞ்சிட்டுத்தான் போறது."

"இந்தக் குளிருக்கையோ? டொக்டர் என்ன சொன்னவர்? திடீரெண்டு குளிரில—"

"சுடுதண்ணி வைக்கிறன். நிப்பாட்டுங்கோ எண்டால் நிப்பாட்டுங்கோ!"

அவள் குரலில் இருந்ததைக் கேட்டு அவர் வேகத்தைக் குறைத்தார். பாலத்துக்கு அப்பால், மரங்களுக்கு நடுவே, ரோட்டோரத் தரிப்பிடம் ஒன்று வந்தது. ஒரு மரமேசை, ஒரு குப்பைத்தொட்டி. விளக்கு இல்லை. வண்டியைக் கொண்டுபோய் நிற்பாட்டினார். ஹீற்றருக்காக எஞ்சினை ஓடவிட்டார்.

ராசமலர் கேத்தில் நிறையத் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். விற்க வைத்திருந்த மஞ்சள்தூளில் ஒரு பைக்கற்றைக் கிழித்தாள். பாதி நிலத்தில் கொட்டியது.

"முதல் நீங்கள் வாங்கோ."

"தண்ணி கொதிக்கட்டும். நீ முதல் தோய், போ. நான் இஞ்சதானே இருக்கிறன்." பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னார், "பயப்பிடாதை ராசம். நானும் தோயிறன், சரியே? நீ சொன்னாச் சரி."

இத்தனை வருசத்தில் அவர் அப்படி இறங்கி வந்து சொன்னது குறைவு. "நான் வந்து சொல்லும்வரைக்கும் எடுக்காதேங்கோ" என்றாள்.

"நீ ஏறாமல் நான் எப்ப எடுத்தனான்?"

தீட்டை வண்டிக்குள் கழுவக்கூடாதென்று, தண்ணீர்க் கானையும் மஞ்சளையும் தூக்கிக்கொண்டு இறங்கினாள். வண்டி பதிந்து நிமிர்ந்தது. வண்டியின் பின்பக்கம் போனாள். பின்விளக்கின் சிவப்பு, ஈர நிலத்தில் கொஞ்ச இடத்தைக் காட்டியது. அதற்கப்பால் மரங்களும் இருட்டும். தூரத்தில் ரோட்டில் ஒரு லொறி இரைந்து போய் மறைந்தது. கோட்டைக் கழற்றி மரமேசையில் போட்டாள். கானுக்குள் மஞ்சளைக் கொட்டிக் குலுக்கினாள். தலையில் ஊற்றினாள்.

மூச்சு நின்று போயிற்று. குளிர் உச்சியில் அடித்து, கழுத்தில் இறங்கி, முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவாகத் தேடித் தேடிப் போனது. பல் கிடுகிடுத்தது. ஆனாலும் மஞ்சள் மணத்தது. வேறொன்றும் மணக்கவில்லை. ஓடிக்கொலோன் இல்லை, மண் இல்லை. தோய்ந்தாயிற்று. தன்னை விட்டுவிட்டது. சந்தோஷத்தில் அவள் வாய்விட்டு "சிவனே" என்றாள். மீதித் தண்ணீரையும் ஊற்றிக்கொண்டு முகத்தை வழித்தாள். கண்ணைத் திறந்தாள்.

நிலத்தில் கிடந்த சிவப்பு வெளிச்சம் ஒரு பக்கமாகச் சரிந்தது.

நிமிர்ந்தது.

மெத்தென்ற பதிவு.

டப்பென்று கதவு சாத்தியது.

"சரி, எடுங்கோ."

அது அவளுடைய குரல்.

அந்த நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கியது. தோய்ந்தவளை அது விட்டுவிட்டது. தோயாதவர் உள்ளே இருக்கிறார்.

"இஞ்சருங்கோ! எடுக்காதேங்கோ! நான் இஞ்ச நிக்கிறன்!"

வண்டி நகர்ந்தது. ஓடினாள். ஈரச் சப்பாத்து வழுக்கியது. வண்டியின் பக்கத்தில் உள்ளங்கையால் அடித்தாள். அடித்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்ப்பார்? ஒருநாளும் பார்த்ததில்லை. முன் ஜன்னலடிக்கு வந்துவிட்டாள். கண்ணாடி முழுக்கப் புகார் படிந்திருந்தது.

உள்ளேயிருந்து ஒரு கை அதைத் துடைத்தது.

நகம் முழுக்கக் கறுப்பு.

அந்தக் கை அவளுக்கு அசைந்து காட்டியது. மெல்ல, மரியாதையாக, போட்டு வாறம் என்று.

வண்டி அவளைக் கடந்து ரோட்டில் ஏறியது. ராசமலர் மேசையடிக்குத் திரும்பி ஓடினாள். கோட்டு. கோட்டுப் பை. போன். விரல் ஈரத்தில் போன் பிடிபடவில்லை. உடுப்பில் துடைத்தாள், உடுப்பும் ஈரம். மறுபடி அமத்தினாள். மணி போனது. சிவப்பு விளக்குகள் இன்னும் தெரிந்தன.

எடுத்தார்.

"ஹலோ?" வண்டியின் இரைச்சலோடு அவருடைய குரல்.

"என்னப்பா! நிப்பாட்டுங்கோ! நான் ஏறேல்லை! பக்கத்தில இருக்கிறது நானில்லை! பாருங்கோ, ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ!"

"ஹலோ? ஒண்டும் விளங்கேல்லை. மழை இரைச்சல்தான் கேக்குது." பிறகு பக்கத்துக்குத் திரும்பிப் பேசும் குரல், கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டு பேசும் குரல். "இஞ்சேரப்பா, உன்ர போனில இருந்துதான் ஆரோ எடுக்கினம். போனை எங்க விட்டனி?"



"பின்னால விட்டிட்டு வந்திட்டன்" என்றது ராசமலரின் குரல். "பறவாயில்லை. நீங்கள் ஓடுங்கோ."

"தோயச் சொன்னாய்?"

"இனித் தேவையில்லை. கையை நீட்டுங்கோ."

தரிப்பிடத்தில் நின்ற ராசமலர் அலறினாள். அலறல் மரங்களுக்குள் போனது. தூரத்தில் சிவப்பு விளக்குகள் புகாருக்குள் கலங்கி, ஒன்றாகி, இல்லாமல் போயின. அவள் தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போனைக் காதோடு அழுத்தினாள். அது இன்னும் வெட்டுப்படவில்லை.

"இதென்னப்பா, பல்லுக்க நெறுநெறுக்குது" என்றார் ஆனந்தராஜா.

கேத்தில் கூவத் தொடங்கியது. மெல்லக் கூவி, உரத்துக் கூவி, நிற்காமல் கூவியது. அதை இறக்க யாரும் எழும்பவில்லை. அந்தக் கூவலுக்கு அடியில், மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே, அவர் சப்பிக்கொண்டே இருந்தார்.